என் கால் விழுந்ததற்குக் கமலம் காரணமில்லை

தம்பி,

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்து சேர்ந்தது. உன் அப்பா வாசலிலேயே உறையைக் கிழித்து எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். பாதியில் குரல் தேய்ந்தது. "மிச்சத்தை நீயே படிச்சுக்கோ" என்று தாளை என் கையில் திணித்துவிட்டு, ஏற்கெனவே குளித்த மனுஷன் மறுபடியும் குளிக்கப் போய்விட்டார். இந்த வீட்டில் அவர் ஓடுகிறார் என்றால் பின்னாலேயே ஏதோ வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். படித்தேன். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறதாம். டாக்டர் பார்த்துவிட்டு உனக்கும் இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று சொன்னாராம். அதுவரைக்கும் சரி. அதற்கடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறாய்? "கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது, என்ன ராசியோ தெரியவில்லை." அடப்பாவி! ஜொகூர் பாருவில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என் மருமகளின் ராசியைப் பற்றியா எழுதுகிறாய்? விளையாட்டாக எழுதியிருந்தாலும் சரி, வயிற்றெரிச்சலில் எழுதியிருந்தாலும் சரி, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கினால் மட்டும் என்ன, அளந்து வைத்த ஒரு கிண்ணம்தானே.

உன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று நாங்கள் தவித்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது சிங்கப்பூரில் வேலையாக இருந்தாய். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெட்டியோடு வந்து இறங்கினாய், தலையில் எண்ணெய் வைத்துக் குளித்தாய், மணவறையில் போய் உட்கார்ந்தாய். அம்மா ஏன் ஒற்றைக் காலில் சப்பாத்து போட்டிருக்கிறாள் என்று கேட்டாய். "சுளுக்கு" என்றேன். நீயும் நம்பினாய். புது மாப்பிள்ளைக்கு எதைச் சொன்னாலும் நம்பிக்கைதான். இப்போது சொல்கிறேன், கேள்.

நாட்டுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த அதே ஆவணியில்தான் உன் முகூர்த்தம். நம் காஜா பெராங் தெரு முழுக்கக் கொடி. எதிர்வீட்டு மலாக்கா செட்டி அம்மாள், நாங்கள் பீபி என்று கூப்பிடுவோமே, அவள் தன் வீட்டு வாசலில் காகிதப் பூவாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பண்டார் ஹிலிர் திடலில் விளக்கு அலங்காரம் பார்க்கத் தெருவே கிளம்பிப் போகிறது. நான் மட்டும் போகவில்லை. எனக்கு அதிரசப் பைத்தியம். கல்யாண வீட்டு அதிரசத்துக்கு மாவு தட்ட வேறு யாரையும் நம்பமாட்டேன். மணைப்பலகையில் வலது காலை மடக்கி, அதன் மேல் இடது காலைப் போட்டு உட்கார்ந்தேன் என்றால் விடிந்து உட்கார்ந்தவள் வெயில் சாய்ந்துதான் எழுந்திருப்பேன். தினமும் அதே கதை. நடுவில் எழுந்தால் பதம் போய்விடும் என்று பிடிவாதம். பதம் பார்க்கிறேன் என்று வெல்லப்பாகை நக்குவேன். வெந்ததில் ஒன்று, உடைந்ததில் ஒன்று, "உடைஞ்சதை யாருக்குக் குடுக்கிறது" என்று மூன்றாவதாக ஒன்று. அந்த வருடம் முழுக்க எனக்குத் தீராத தாகம். பானையில் தண்ணீர் நிற்காது, நானும் ஓரிடத்தில் நிற்காமல் கொல்லைக்குப் போய்வருவேன். உடம்பும் இளைத்திருந்தது. கல்யாண அலைச்சல் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சாயங்காலம் கடைசி உருண்டையைத் தட்டிப்போட்டுவிட்டு எழுந்தேன். கால் மரத்திருந்தது. மரத்தால் என்ன, உதறினால் சரியாகிவிடும் என்று இரண்டு அடி வைத்தேன். பாதம் தூக்கவில்லை. முன்பாதம் தொங்கிப்போய் தரையில் சப்பென்று அடிக்கிறது. செருப்பு கழன்று எங்கோ கிடக்கிறது, அது கழன்றதே தெரியவில்லை. சமையற்கட்டு நிலைப்படியில் கட்டைவிரல் தடுக்கி, அதிரசத் தட்டின் மேலேயே குப்புற விழுந்தேன். வலி என்று ஒன்றுமில்லை. அதுதான் பயமாக இருந்தது. முழங்காலை மடக்க முடிகிறது, பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது, மேலே மட்டும் தூக்க முடியவில்லை. காலை உதறி, தேய்த்து, திட்டிக்கூடப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை.

உன் பொன்னம்மா அத்தை அப்போது நம் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு உதவி செய்ய வந்தவள். என்னைத் தூக்கி உட்காரவைத்ததும் அவள்தான், மறு நிமிஷம் உன் அப்பாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்ததும் அவள்தான். "ஐயோ, அந்தப் பொண்ணு இன்னும் இந்த வீட்டுல அடியெடுத்துக்கூட வைக்கல, அதுக்குள்ள மாமியாரோட காலு விழுந்துடுச்சே! தம்பி, இது நல்லதுக்கில்லடா. தாயை முழுங்குன பொண்ணுன்னு அப்பவே சொன்னேன்." கமலத்தின் அம்மா அவளைப் பெற்ற சூட்டோடு போய்ச் சேர்ந்தாள் என்பது உனக்குத் தெரியும். அதை அத்தை இப்படித் திருப்புவாள் என்று நான் நினைக்கவே இல்லை. பலகாரத்துக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தை மாசம் பாத்துக்கலாம், இப்ப நிறுத்தி வை" என்று அத்தை உன் அப்பாவிடம் சொன்னாள். உன் அப்பா தன் அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

எனக்கு அப்போது என் காலைப் பற்றிய கவலை போய்விட்டது, தம்பி. புக்கிட் பாருவில் கமலத்தின் அப்பா, அந்தத் தச்சர், மனைவியில்லாமல் ஒற்றை ஆளாக ஒரு பெண்ணை வளர்த்து, படிக்கவைத்து, பட்டு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். மாமியாருக்குக் கால் விழுந்தது என்று இந்த முகூர்த்தம் நின்றால் அந்தப் பேச்சு நம் தெருவோடு நிற்குமா? தையில் நீ கட்டுவாயோ மாட்டாயோ, அந்தப் பேர் அவளை விட்டுப் போகாது. வேறு எவன் வீட்டு வாசலுக்கும் அவள் போகமுடியாது. அவள் பக்கம் நின்று வாயைத் திறக்க அவளுக்கு ஒரு பொம்பளை கிடையாது.

அத்தை சும்மா இருக்கவில்லை. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் பாதத்தில் ஒத்தடம் வைத்தாள். நான் பாட்டுக்கு முகூர்த்தத்தைத் தள்ளக்கூடாது என்று அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா உள்ளே வந்தவர், "ஏய், என்னா பண்றீங்க!" என்று கத்தி அந்த மூட்டையைப் பிடுங்கி எறிந்தார். பாதத்தின் மேல்பக்கம் செக்கச்செவேல் என்று சிவந்து தோல் பொங்கத் தொடங்கியிருக்கிறது. எனக்குச் சூடே தெரியவில்லை. அந்த மனுஷன் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பயத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் தெருமுனைக்கு ஓடி, மிதித்து ஓட்டும் பேச்சா வண்டியைக் கூட்டி வந்தார். என்னை அலாக்காகத் தூக்கி அதில் வைத்தார். கல்யாணம் ஆன காலத்தில்கூட அவர் என்னை அப்படித் தூக்கியதில்லை. கால் விழுந்தாலும் அதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான்.

பண்டார் ஹிலிரில் டிஸ்பென்சரி வைத்திருந்த சீன டாக்டர் மலாய்தான் பேசுவார். "ஆச்சி, தரையில உட்கார்ந்தீங்களா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. காலைத் தட்டிப் பார்த்தார், ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிறுநீரைக் கேட்டு வாங்கி, நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் சில துளி விட்டுக் கொதிக்கவைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "கெஞ்சிங் மானிஸ்" என்றார், நம் பாஷையில் இனிப்பு நீர். காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அவர் என் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பைத் தொட்டுக் காட்டினார். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித் தோலுக்கடியிலேயே போகிறதாம், மூடி மறைக்கச் சதை கிடையாது. சம்மணம் போட்டால் பலகைக்கும் எலும்புக்கும் நடுவில் அது நசுங்கும். எல்லாருக்கும்தான் நசுங்குகிறது, காலை உதறினால் சரியாகிவிடுகிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கிடக்கிறவர்களுக்கு நரம்பு முன்கூட்டியே நொந்துபோய் இருக்கிறது, அதற்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்களும் கெட்டு ஊட்டம் குறைந்துவிடுகிறது, அது கொஞ்சம் அழுத்தத்தைக்கூடத் தாங்காது என்று சொன்னார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தண்ணீர் ஏறின கீரைத்தண்டை வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும், வாடின தண்டு வளைத்த இடத்திலேயே மடிந்து கிடக்கும். "அப்படித்தானா டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டு அப்படித்தான் என்றார்.

"இது நிமிருமா?" என்று உன் அப்பா கேட்டார். நரம்பு அறுந்துபோகவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது, இனி அழுத்தாமல் சர்க்கரையையும் அடக்கினால் மெதுவாக நிமிரும் என்றார் டாக்டர். சம்மணம் கூடாது, குந்தி உட்காரக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, மரத்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது. பாதம் தொங்காமலிருக்கச் சப்பாத்தின் முனையில் ஒரு வாரைத் தைத்துக் கெண்டைக்காலில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நான் என் கேள்வியைக் கேட்டேன். "டாக்டர், வீட்டுக்கு மருமக வரப்போறா, அதனாலதான் இது வந்துச்சுன்னு சொல்றாங்க." அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மருமகள் வந்து உங்க முழங்கால் மேல உட்கார்ந்தாளா?" என்றார். நான் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அத்தனையும் சொன்னேன். அவள் அசையவில்லை. "டாக்டருக்கு என்னா தெரியும்? இத்தனை வருஷம் தரையில உக்காந்தியே, அப்பல்லாம் விழாத காலு இப்ப ஏன் விழுந்துச்சு?" என்றாள். நல்ல கேள்விதான், மறுக்கமாட்டேன். அப்போதுதான் எனக்கு அவள் கை நினைவுக்கு வந்தது. உனக்கும் தெரியுமே, அத்தை பல வருடமாகத் தூக்கத்தில் எழுந்து கையை உதறுவாள், விரலெல்லாம் எறும்பு ஊர்கிறது என்பாள், தேங்காய் துருவினால் பிடி நழுவிவிடும் என்பாள். டாக்டரிடமிருந்து நீல மருந்தும் குழாயும் வாங்கி வந்திருந்தோம். "அண்ணி, நீங்களும் ஒருதரம் பாத்துருங்களேன்" என்றேன். "எனக்கென்னா நோவு? நான் கல்லு மாதிரி இருக்கேன். கொண்டா, காட்டுறேன்!" என்று கொல்லைக்குப் போனாள். சவால் என்றால் அவளுக்கு வெல்லம்.

கரி அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. உன் அப்பா குழாயை அதில் இறக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், என்னமோ யாகம் வளர்க்கிறவர் மாதிரி. பலகாரத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். பீபிகூட எதிர்வீட்டிலிருந்து வந்து, என்ன பலகாரம் இது என்று மலாயில் கேட்டாள். நீலம் பச்சையானது. "பச்சை நல்ல நிறம்தானே?" என்றாள் அத்தை. மஞ்சளானது. "மஞ்சளும் மங்கலம்தான்" என்றாள். பிறகு செங்கல். என்னுடையதைவிட நல்ல செங்கல். அத்தை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் விடவில்லை. "அண்ணி, உங்க கை எத்தனை வருஷமா மரத்துக்கிட்டு இருக்கு? அப்ப உங்க வீட்டுக்கு எந்தப் பொண்ணு அடியெடுத்து வச்சா?" என்று கேட்டேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடியே, அப்ப அந்த அதிரசத்தை இனிமே நம்ம ரெண்டு பேரும் திங்க முடியாதா?" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது. சிரித்தபடியே அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அவளையும் அதே டாக்டரிடம் கூட்டிப்போனோம். மணிக்கட்டில் நரம்பு ஒடுங்கின வழியாகப் போகிறதாம், சர்க்கரை இருந்தால் அங்கேயும் சுலபமாக நசுங்குமாம். முகூர்த்தத்தைத் தள்ளுகிற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

கல்யாணத்தன்று உன் பழைய பள்ளிக்கூட கேன்வாஸ் சப்பாத்தில் வார் தைத்துப் பட்டுச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆரத்தி எடுக்க மட்டும் சப்பாத்தோடு போகமுடியுமா? கழற்றிவிட்டேன். தட்டைப் பிடித்துக்கொண்டு சப், சப் என்று வாசலுக்கு வருகிறேன். சுற்றிச் சொந்தமெல்லாம் என் காலைத்தான் பார்க்கிறது. நீயோ மேலே தொங்கிய தோரணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கமலம் மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். ஆரத்தியைச் சுற்றி முடித்து நான் திரும்பினபோது பாதம் மடங்கியது. தட்டு சாய்கிறது. அந்தப் பெண் ஒரே எட்டில் வாசற்படி தாண்டி வந்து என் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கிவிட்டாள். அவசரத்தில் முன்னால் வந்தது இடது கால். "அச்சச்சோ, இடது காலு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பாய்ந்தாள். "வாயை மூடு! ரெண்டும் அவ காலுதான். அவ புடிக்கலன்னா இந்நேரம் இவ மண்டை பொளந்திருக்கும்!" தம்பி, அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஆரத்தித் தண்ணீர் பாதி என் பட்டில், பாதி அவள் பட்டில். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

நீ வீடு பார்க்கிறேன் என்று திரும்பிப் போன அந்தச் சில மாதம் அவள் என்னோடு இருந்தாளே, அதுதான் எனக்கு மருந்து. என் பாதத்தைத் தன் மடியில் வைத்து விரல்களை மேலே தள்ளித் தள்ளிப் பழக்குவாள். சர்க்கரை டின்னை எங்கே ஒளித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மணைப்பலகையைத் தூக்கி அவள் அப்பாவிடம் கொடுத்து அதற்கே கால் வைத்து உயரமான முக்காலியாக்கிக் கொண்டு வந்தாள். நான் காப்பியில் சீனி போட்டுவிட்டேனா என்று மோந்து பார்க்கிற அளவுக்கு ராட்சசி. தீபாவளிக்குக் கட்டைவிரல் அசைந்தது. இருவரும் கத்தின கத்தலில் பீபி ஓடி வந்தாள். தைப்பூசத்துக்குச் செருப்பு கழலாமல் கோயிலுக்கு நடந்து போனேன்.

ஆகவே உன் விரலுக்கு வருகிறேன். மேசையில் முழங்கையை ஊன்றித்தானே கணக்கு எழுதுகிறாய்? டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு அதே முழங்கையில் சாய்ந்துதானே பேசுவாய்? அந்த முழங்கை எலும்புக்குப் பின்னால் இடித்தால் சுரீரென்று சுண்டு விரல்வரை ஓடுமே, அங்கேதான் அந்த நரம்பு மேலாகப் போகிறது. என் முழங்காலுக்கு மணைப்பலகை என்றால் உன் முழங்கைக்கு மேசை. ஊன்றாதே. தூங்கும்போது கையை மடக்கித் தலைக்குக் கீழே வைக்காதே. இறுக்கமான சப்பாத்து வேண்டாம். டாக்டர் சொன்ன மருந்தையும் சாப்பாட்டையும் மீறாதே. விரல் பலம் குறைந்தால் காத்திருக்காமல் ஓடிப்போய்க் காட்டு. இந்த நோவு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறாயா? என் வயிற்றிலிருந்து வந்தது, உன் அப்பா குடும்பத்திலிருந்தும் வந்தது. இரண்டு பக்கமும் செங்கல். புக்கிட் பாருவிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். அது என்னை நடக்க வைத்தது.

நீ எழுதிய அந்த வரியை அவளிடம் சொல்லியிருக்கிறாயா? வாயால் சொல்லாவிட்டாலும் முகத்தில் காட்டியிருப்பாய், உன் முகம் எனக்குத் தெரியாதா? அவள் ஒன்றும் கேட்டிருக்கமாட்டாள். கேட்க அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அவளே நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பொறுக்காதது அதுதான். அதனால் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டு, மூவாரில் ஃபெரி ஏறி, சாயங்காலத்துக்குள் அங்கே வந்துவிடுவேன். அம்மா வருகிறாள், பலகாரம் கொண்டு வருவாள் என்று கைலியோடு சாய்ந்து கிடக்காதே. நான் இந்தத் தடவை வருவது பெண் வீட்டிலிருந்து. சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்து, மாமியாரை அழைக்கிற மரியாதையோடு என்னைக் கூட்டிப்போ. என் மகளை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்க்க வருகிறேன்.

இப்படிக்கு,
கமலத்தின் அம்மா